மீட்டர் முதல் பிரவுசர் வரை: ஒரு நூற்பாலையின் கரண்ட் கணக்கைத் திரையில் கொண்டுவரும் வழி

எங்கள் மில்லின் எலக்ட்ரிகல் ரூமில் ஒரு நீள நோட்டு இருந்தது. மணிக்கு ஒருமுறை மெயின் பேனல் ரீடிங், ஷிப்ட்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு டிபார்ட்மென்ட் ரீடிங் என்று கட்டம் போட்டு வைத்திருப்போம். ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: இரவு ஷிப்ட்டின் எட்டு வரிகளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். விடியற்காலை டீ குடித்துக்கொண்டே எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்திருக்கிறார் நம் ஆள். அவரைத் திட்டி என்ன பயன்? இரவு இரண்டு மணிக்கு ஸ்பின்னிங்கில் பெல்ட் அறுந்து கிடக்கும்போது யார் ரீடிங் எடுக்கப் போவார்கள்?

அந்த நோட்டை ஒழித்துவிட்டு, எல்லா மீட்டரையும் பிரவுசரில் பார்க்கும்படி செய்ய எங்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மாதம் ஆனது. அதில் திரை தயாரிக்க ஆன நேரம் இரண்டு வாரம்தான். மீதி நேரம் முழுக்க, திரையில் வரும் எண் உண்மையா என்று பார்ப்பதிலேயே போனது. அதனால் இந்த வழிகாட்டியிலும் அழகான கிராஃபுக்குக் கொஞ்சம் இடம்தான்.

நான் சொல்லப்போவது 20 முதல் 40 மீட்டர் வரை உள்ள இடத்துக்கு: நூற்பாலை, சாயப்பட்டறை, ஃபவுண்டரி, ரைஸ்மில் எதுவானாலும் சரி. பெரிய ஸ்காடா (ஆலை முழுவதையும் கண்காணிக்கும் சாஃப்ட்வேர்) வாங்கும் கம்பெனிகளுக்கு ஆள் வைத்துச் செய்துகொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது பிளாண்ட்டில் இருக்கும் எலக்ட்ரீஷியனும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனும் சேர்ந்து செய்கிற வேலை.

முதல் படி: எதற்காக என்று எழுதி வையுங்கள்

ஒரு மீட்டருக்குள் நூற்றுக்கணக்கான அளவுகள் இருக்கும். எல்லாவற்றையும் எடுக்க ஆசை வரும். வேண்டாம். பேப்பரை எடுத்து, எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் பேப்பரில் நான்கு வரிதான் இருந்தது.

ஒன்று, டிமாண்ட், அதாவது சில நிமிடச் சராசரியில் எத்தனை கே.வி.ஏ. (மொத்த மின்சுமை) இழுக்கிறோம் என்பது. தமிழ்நாட்டில் எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. ஒப்பந்த டிமாண்டைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு இரட்டை விலை. குறைவாக எடுத்தாலும் ஒப்பந்தத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டியாக வேண்டும். இரண்டு, பவர் ஃபேக்டர், இழுக்கும் கே.வி.ஏ.வில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம். 0.90-க்குக் கீழே போனால் அபராதம். மூன்று, உச்ச நேரத்தில் எவ்வளவு ஓட்டுகிறோம் என்பது. அந்த நேர யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். நான்கு, யூ.கே.ஜி. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு. முதலாளி கேட்பது எப்போதும் நாலாவது கேள்விதான்.

இந்த நான்குக்கும் ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் பத்து அளவு போதும்: மூன்று ஃபேஸ் வோல்ட்டேஜ், மூன்று ஃபேஸ் கரண்ட், கிலோவாட், கே.வி.ஏ., பவர் ஃபேக்டர், மொத்த யூனிட். மெயின் மீட்டருக்கு மட்டும் ஹார்மோனிக்ஸ் (கரண்ட் அலையில் வரும் நெளிவு) சேர்த்துக்கொண்டோம், டிரைவ்கள் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவிகள்) அதிகம் என்பதால்.

இங்கே ஒன்று. மின் வாரியம் சீல் வைத்த மீட்டரைத் தொடாதீர்கள்; அதன் சி.டி. (பெரிய கரண்ட்டை மீட்டர் தாங்கும் அளவுக்குச் சிறிதாக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியில், அதாவது மீட்டருக்கு வரும் பக்கத்தில், கை வைப்பது பெரிய வம்பு. உங்கள் பக்கம் சொந்த மீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். வாரிய மீட்டர் 11 அல்லது 22 கிலோவோல்ட் பக்கம் அளக்கும், உங்களுடையது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு 433 வோல்ட் பக்கம் அளக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு அளவுக்கு இரண்டும் வேறுபடத்தான் செய்யும். பில்லோடு பைசா சுத்தமாகப் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: சி.டி.யைச் சரிபாருங்கள்

எங்கள் ஐந்து மாதத்தில் இரண்டு மாதத்தைத் தின்ற படி இது.

பழைய பேனல்களில் இருந்த மீட்டர்கள் பலவற்றில் சி.டி. ரேஷியோ தப்பாகப் போட்டிருந்தது. 400/5 சி.டி. (400 ஆம்பியரை 5 ஆக்குவது) மாட்டியிருக்கிறது, மீட்டரில் 200/5 என்று செட் செய்திருக்கிறது. அப்படியானால் காட்டுவது பாதி. வருடக்கணக்கில் அந்தப் பாதியைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்!

அதைவிடக் கொடுமை ஒரு சி.டி. திரும்பி மாட்டியிருப்பது. மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருக்கும்போது ஒரு சி.டி. மட்டும் தலைகீழாக இருந்தால், இரண்டு ஃபேஸ் கூட்டல், ஒரு ஃபேஸ் கழித்தல். மொத்த கிலோவாட் உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். கரண்ட் மூன்றும் சரியாகவே தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. எங்கள் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுக்கும் பிரிவு) மீட்டர் அப்படித்தான் இருந்தது. 90 கிலோவாட் எடுக்க வேண்டிய இடத்தில் 30 காட்டியது. "கார்டிங் நல்லா மிச்சம் பிடிக்குது" என்று ஒரு மீட்டிங்கில் பாராட்டுகூடக் கிடைத்தது.

சரிபார்க்கும் முறை எளிது. லோடு ஓடும்போது மீட்டரில் ஃபேஸ் வாரியாகக் கிலோவாட் பாருங்கள். எதிலாவது மைனஸ் இருந்தால் சி.டி. திரும்பியிருக்கலாம். கூடவே ஃபேஸ் வாரியான பவர் ஃபேக்டர் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால், ஒரு ஃபேஸின் வோல்ட்டேஜும் வேறு ஃபேஸின் சி.டி.யும் ஜோடி மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் கிளாம்ப் மீட்டரை வைத்து ஒவ்வொரு ஃபேஸ் கரண்ட்டையும் மீட்டரோடு ஒப்பிடுங்கள். கடைசியாக எல்லா ஃபீடர் (மெயினிலிருந்து பிரியும் கிளை லைன்) மீட்டரின் ஒரு நாள் யூனிட்டையும் கூட்டி மெயின் மீட்டரோடு வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று சதவீதம் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. பத்து சதவீதம் என்றால் எங்கோ ஒரு சி.டி. பொய் சொல்கிறது, அல்லது மீட்டர் இல்லாத ஃபீடர் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு இரண்டும் இருந்தன.

ஓடும் லைனில் சி.டி. செகண்டரியைத் திறந்துவிடாதீர்கள். திறந்த செகண்டரியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்ட்டேஜ் எழும். மீட்டரைக் கழற்றும் முன் ஷார்ட்டிங் லிங்க் போட வேண்டும். முடிந்தால் ஷட்டவுன் நாளிலேயே செய்யுங்கள்.

மூன்றாம் படி: ஒயர்

பெரும்பாலான பேனல் மீட்டர்களின் பின்னால் ஆர்.எஸ்.485 முனை இருக்கும். அதில் பேசும் மொழி மோட்பஸ். 1979-இல் மோடிகான் கம்பெனி தன் பி.எல்.சி.களுக்காக (மெஷின்களை ஓட்டும் கண்ட்ரோல் கம்ப்யூட்டர்கள்) உருவாக்கியது, இன்றைக்கும் பிளாண்ட்டுக்குள் இதுதான் பொதுமொழி. ஒருவர் கேட்பார், மற்றவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்வார்கள். 1 முதல் 247 வரை முகவரி கொடுக்கலாம்.

ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடி ஒயர் வாங்குங்கள். ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு பக்கம் கிளை பிரித்தால் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. அந்த மாதிரிக் கோளாறுதான் ஆளைக் கிறுக்காக்கும். இரண்டு கடைசி முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். டிரைவ் கேபிள் போகும் டிரேயில் இதைச் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு லைனில் 32 கருவி வரை, தூரம் 1200 மீட்டர் வரை என்பது புத்தகக் கணக்கு. நான் ஒரு லைனில் 15-க்கு மேல் மாட்டுவதில்லை.

முனைகளில் 'ஏ', 'பி' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது தலைகீழாக இருக்கும். பதில் வரவில்லையா, இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் எரிந்துவிடாது.

எல்லா மீட்டருக்கும் ஒரே வேகம், ஒரே பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்). வினாடிக்கு 9600 பிட் போதும். ஒரு மீட்டரிடம் 20 ரெஜிஸ்டர் (மீட்டர் தன் அளவுகளை வைத்திருக்கும் எண் பெட்டிகள்) கேட்டு வாங்க ஒயரில் ஆகும் நேரம் சுமார் 60 மில்லி வினாடி. மீட்டர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 100 முதல் 150. பதினைந்து மீட்டரையும் ஒரு சுற்று சுற்றி வர இரண்டு வினாடிதான். ஆனால் ஒரு மீட்டர் செத்துப்போனால் கதை வேறு. ஒரு வினாடி காத்திருந்து, மூன்று முறை முயற்சி என்று வைத்திருந்தால், அந்த ஒரு பிணத்துக்காக ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வினாடி போகும். காத்திருப்பை 300 மில்லி வினாடிக்குக் குறையுங்கள், மறுமுயற்சியை ஒன்றாக்குங்கள்.

நான்காம் படி: ரெஜிஸ்டரோடு மல்லுக்கட்டு

மீட்டரோடு வரும் தாளில் ரெஜிஸ்டர் பட்டியல் இருக்கும். நேராக சர்வருக்குப் போகாமல், ஒரு லேப்டாப், ஒரு யு.எஸ்.பி.–485 கன்வெர்ட்டர், க்யூமோட்மாஸ்டர் மாதிரி ஒரு இலவச சோதனை சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டு மீட்டருக்கு முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்காருங்கள். மீட்டர் டிஸ்பிளேயும் லேப்டாப் திரையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

முதல் மர்மம்: தாளில் 40001 என்று இருக்கும், சாஃப்ட்வேரில் 0 என்று போட வேண்டியிருக்கும். முன்னால் உள்ள 4 ரெஜிஸ்டரின் வகையைச் சொல்கிறது. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறதா, பூஜ்யத்திலிருந்தா என்பது அவரவர் வசதி. அதனால் ஒரு எண் தள்ளி வருவது சகஜம். 3-இல் தொடங்கினால் இன்புட் ரெஜிஸ்டர், படிக்கும் ஃபங்ஷன் 04. 4-இல் தொடங்கினால் ஹோல்டிங் ரெஜிஸ்டர், ஃபங்ஷன் 03.

இரண்டாவது மர்மம்தான் எல்லோரையும் விழ வைக்கும். மோட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்றில் 16 பிட் மட்டுமே கொள்ளும். வோல்ட்டேஜ் போன்ற தசம எண்ணுக்கு 32 பிட் வேண்டும், ஆகவே அடுத்தடுத்த இரண்டு ரெஜிஸ்டரில் பிரித்து வைப்பார்கள். மீட்டர் டிஸ்பிளே சரியாக 230 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். லேப்டாப்பில் இரண்டு ரெஜிஸ்டரும் 17254, 0 என்று வரும். முதலில் பார்த்தபோது நான் மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த இரண்டையும் சேர்த்து ஃப்ளோட்டாக (32 பிட் தசம எண்ணாக) படித்தால் அச்சாக 230. வரிசை மாற்றி, 0 முதலிலும் 17254 அடுத்தும் என்று படித்தால், புள்ளிக்குப் பிறகு நாற்பது பூஜ்யம் வரும் அற்ப எண். திரையில் வெறும் 0 என்றே தெரியும். சில கம்பெனி மீட்டர்கள் பெரிய பாதியை முதலில் தரும், சில சின்ன பாதியை. தாளில் எழுதியிருக்கவே மாட்டார்கள். இரண்டு விதமாகவும் படித்து, டிஸ்பிளேயோடு பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்த யூனிட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 32 பிட் ஃப்ளோட்டுக்கு நுணுக்கம் அளவானது. மீட்டர் 15 லட்சம் யூனிட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் அது 0.125 யூனிட் படியாகத்தான் ஏறும். நிமிடத்துக்கு 0.05 யூனிட் எடுக்கும் சின்ன மோட்டாரின் நிமிடக் கணக்கு 0, 0, அப்புறம் ஒரு குதி என்று படிக்கட்டு மாதிரி வரும். மீட்டர் கெடவில்லை. மணிக்கணக்காகப் பார்த்தால் சரியாகிவிடும். அல்லது மீட்டரில் முழு எண்ணாகத் தரும் ரெஜிஸ்டர் இருந்தால் அதைப் படியுங்கள்.

ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வரி என்று ஒரு ஷீட் போட்டு வையுங்கள்: முகவரி, எந்தப் பேனல், சி.டி. ரேஷியோ, ரெஜிஸ்டர் எண், எந்த வரிசை, எந்த அலகு. அதே மாடல் மீட்டர்தானே என்று பார்க்காமல் விட்டால், புதிய வெர்ஷனில் ரெஜிஸ்டரை மாற்றி வைத்திருப்பான்.

ஐந்தாம் படி: கேட்வேயும் சாஃப்ட்வேரும்

ஒயரிலிருந்து நெட்வொர்க்குக்கு மாற்ற இரண்டு வழி. ஆர்.எஸ்.485-ஐ ஈத்தர்நெட்டாக மாற்றும் சின்ன கேட்வே டப்பா ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று வாங்கலாம். அல்லது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரோ ஒரு இண்டஸ்ட்ரியல் மினி பி.சி.யோ வைத்து நேராகப் படிக்கலாம். ராஸ்பெரி பை என்றால் எஸ்.டி. கார்டை நம்பாதீர்கள், ஓயாமல் எழுதினால் தேய்ந்து போகும். எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள். கூடவே ஒரு யு.பி.எஸ். கரண்ட் போன நேரத்தில்தானே நமக்கு டேட்டா வேண்டும்.

சாஃப்ட்வேர் பக்கம் நாங்கள் எடுத்தது நோட்-ரெட் (மீட்டரைப் படிக்க), இன்ஃப்ளக்ஸ்டிபி (சேமிக்கும் டேட்டாபேஸ்), கிராஃபானா (திரையில் காட்ட). மூன்றையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், நோட்-ரெட்டும் கிராஃபானாவும் பிரவுசரில் திறப்பவை. நோட்-ரெட் 2013-இல் ஐ.பி.எம்.மில் பிறந்தது, பெட்டிகளை இழுத்துப் போட்டு ஒயர் இணைக்கிற மாதிரி வேலை என்பதால் எலக்ட்ரீஷியன்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். எங்கள் ஃபோர்மேன் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். எல்லாம் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் திங்ஸ்போர்டு பார்க்கலாம். எஸ்.க்யூ.எல். தெரிந்த ஆள் கையில் இருந்தால் இன்ஃப்ளக்ஸ்டிபிக்குப் பதில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். இன்ஃப்ளக்ஸ்டிபி எடுத்தால் ஒரு எச்சரிக்கை: அதன் 1, 2, 3 வெர்ஷன்களில் கேள்வி கேட்கும் மொழி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. யூடியூபில் பார்க்கும் வீடியோ எந்த வெர்ஷனுக்கு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு மூன்று யூனிட் வேறு வேறு ஊரில் இருந்தால் நடுவில் எம்.க்யூ.டி.டி. வையுங்கள். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்கச் செய்த மொழி அது. மோசமான லைனுக்கென்றே பிறந்தது. லைன் அறுந்தால் கேட்வே டேட்டாவைச் சேர்த்து வைத்து, பிறகு அனுப்பும்படி அமையுங்கள்.

ஆறாம் படி: சேமிப்பதும், நேரமும்

இருபது மீட்டர், பத்து அளவு, பத்து வினாடிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 17,28,000 எண். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 2,88,000. மெயினுக்கு மட்டும் பத்து வினாடி, மற்றதற்கு ஒரு நிமிடம் என்று வைத்தோம், எதுவும் குறைந்துபோகவில்லை.

யூனிட்டை மீட்டரில் ஓடும் மொத்த எண்ணாகவே சேமியுங்கள். கழித்துப் பார்த்து "இந்த நிமிடம் இவ்வளவு" என்று சேமிக்காதீர்கள். கேட்வே மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தாலும், எழுந்ததும் வரும் மொத்த எண்ணிலிருந்து முந்தையதைக் கழித்தால் அந்த மூன்று மணி நேர யூனிட் கிடைத்துவிடும். கழிக்கும்போது மைனஸ் வந்தால் மீட்டர் மாற்றியிருக்கிறார்கள் அல்லது ரீசெட் ஆகியிருக்கிறது. அதைத் தனியாகப் பிடித்து வையுங்கள்.

அப்புறம் அந்த ஐந்தரை மணி விவகாரம். டேட்டாபேஸ் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் வைக்கும். கிராஃபானா பிரவுசரின் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். இதுவரை சரி. ஆனால் "நாள் வாரியாகக் கூட்டு" என்று கேட்டால், டேட்டாபேஸ் தன் நாளைத்தான் எடுத்துக்கொள்ளும். அதன் நாள் நமக்குக் காலை 5.30-க்குத் தொடங்குகிறது. ஒரு மாதம் எங்கள் தினசரி யூனிட் கை ரீடிங்கோடு ஒருநாளும் பொருந்தவில்லை, மாத மொத்தம் மட்டும் கிட்டத்தட்ட வந்தது. காரணம் இதுதான். கேள்வியிலேயே 'ஏசியா/கொல்கத்தா' என்று இடத்தைக் குறிப்பிட வேண்டும். ஷிப்ட் காலை எட்டுக்கு மாறினால் அந்த எட்டு மணியையும் சொல்லிக்கொடுங்கள்.

கேட்வேயின் கடிகாரமும் முக்கியம். இன்டர்நெட் நேர சர்வரோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமே அப்படி ஒரு சர்வர் நடத்துகிறது.

ஏழாம் படி: திரை

ஒரு பக்கம் எலக்ட்ரிகல் ரூமுக்கு, ஒரு பக்கம் மேனேஜருக்கு. அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் மாதிரி வட்ட கேஜ் வைக்க எல்லோருக்கும் ஆசை. முதல் நாள் பார்த்துவிட்டு அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. கோடு போட்ட கிராஃப்தான் வேலைக்கு ஆகும்.

எந்த எண்ணுக்கும் பக்கத்தில் "எத்தனை வினாடிக்கு முன் வந்தது" என்று காட்டுங்கள். இது இல்லாததால் நாங்கள் பட்ட பாடு: ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) மீட்டரின் ஒயர் கழன்றுவிட்டது, திரை மட்டும் கடைசியாக வந்த 412 வோல்ட்டையே மூன்று நாள் காட்டிக்கொண்டிருந்தது. 412 என்பது சந்தேகம் வராத எண். ஒருமுறை மொத்தக் கரண்டும் போய் மில்லே இருட்டில் நின்றபோது, யு.பி.எஸ்.ஸில் ஓடிய திரையில் ஆட்டோகோனருக்கு மட்டும் 412 வோல்ட்! அன்றைக்கே மாற்றினோம்: இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையதானால் எண் சாம்பல் நிறமாகிவிடும்.

எட்டாம் படி: டிமாண்ட் அலாரம்

டிமாண்ட் என்பது அந்தந்த நொடியின் கே.வி.ஏ. கிடையாது, ஒரு கால இடைவெளியின் சராசரி. இடைவெளி எத்தனை நிமிடம் என்று உங்கள் சர்வீஸ் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு 15 நிமிடம் என்று வைப்போம். ஒப்பந்தம் 500 கே.வி.ஏ. பத்தாவது நிமிடத்தில் இதுவரையான சராசரி 540. மீதி ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்? 500 பெருக்கல் 15 என்பது 7500. 540 பெருக்கல் 10 என்பது 5400. மீதி 2100-ஐ ஐந்தால் வகுத்தால் 420. ஆக, உடனே 420-க்குக் கீழே இறக்கினால் தப்பிக்கலாம். திரையில் இந்த 420 என்ற எண்ணைத்தான் பெரிதாகக் காட்ட வேண்டும். "டிமாண்ட் அதிகம்" என்ற சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு ஆபரேட்டர் என்ன செய்வார்? இப்போது ஓடுவதும் 540 என்றால், "120 கே.வி.ஏ. குறை, ஐந்து நிமிடம்" என்று காட்டினால் எந்த மெஷினை நிறுத்தலாம் என்று அவருக்கே தெரியும்.

இடைவெளி தொடங்கும் நொடி வாரிய மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு நிமிடம் தள்ளியிருந்தாலும் நம் கணக்கு வேறு, பில் வேறு.

டெலிகிராமில் அலாரம் அனுப்புவது சுலபம். சுலபம் என்பதாலேயே எல்லாவற்றுக்கும் வைத்தோம்; இரண்டே வாரத்தில் எல்லோரும் குரூப்பை மியூட் செய்துவிட்டார்கள். இப்போது மூன்றே அலாரம்: டிமாண்ட், பவர் ஃபேக்டர், டேட்டா வரவில்லை.

ஒன்பதாம் படி: கண்ட்ரோல், அவசரமில்லாமல்

பார்ப்பது பழகி ஆறு மாதமாவது ஆகட்டும். பிரவுசரிலிருந்து மெஷினை ஓட்டுவது வேறு ஜாதி வேலை. பார்ப்பதில் தப்பு நடந்தால் எண் தப்பாகும். இதில் ஆள் கை போகும்.

எங்களிடம் பிரவுசரிலிருந்து மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஹியூமிடிஃபிகேஷன் (காற்றில் ஈரப்பதம் சேர்க்கும்) பிளாண்ட்டின் ஃபேன் டிரைவ் வேகம். அதையும் திரை நேராக டிரைவுக்கு எழுதாது. பி.எல்.சி.யிடம் "40 ஹெர்ட்ஸ் வேண்டும்" என்று கேட்கும். 30-க்குக் கீழே, 50-க்கு மேலே கேட்டால் பி.எல்.சி. காது கொடுக்காது. பேனலில் லோக்கல்–ரிமோட் சுவிட்ச் உண்டு. உள்ளே ஆள் வேலை செய்யும்போது லோக்கலில் திருப்பிப் பூட்டிவிடுவார், பிரவுசர் என்ன கத்தினாலும் ஒன்றும் ஆகாது. எமர்ஜென்சி ஸ்டாப் முழுக்க ஒயரில்தான். சாஃப்ட்வேருக்கும் அதற்கும் சம்பந்தமே கூடாது.

பட்டனை அமுக்கினால் ஆன் இருந்தால் ஆஃப், ஆஃப் இருந்தால் ஆன் என்று மாறும் பட்டன் வைக்காதீர்கள். லைன் மெதுவாக இருக்கும், ஆபரேட்டர் இரண்டு தடவை அமுக்குவார், கதை முடிந்தது. ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி. கேட்ட வேகமும் டிரைவ் நிஜமாக ஓடும் வேகமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும். யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்று பதிவாக வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சில டிரைவ்களில் மோட்பஸ் வழியாக எழுதும் மதிப்பு நிரந்தர மெமரிக்குப் போகும். அந்த மெமரிக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் ஒரு லட்சம் தடவை என்ற கணக்கில். பத்து வினாடிக்கு ஒருமுறை அதே வேகத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் பன்னிரண்டு நாளுக்குள் லட்சம் முடிந்துவிடும். மதிப்பு மாறினால் மட்டும் எழுதுங்கள். தற்காலிக மெமரிக்கு எழுதும் தனி ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று டிரைவ் புத்தகத்தில் தேடுங்கள்.

பத்தாம் படி: வெளியிலிருந்து பார்க்க

முதலாளிக்கு வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். நியாயம். ஆனால் ரூட்டரில் போர்ட் திறந்துவிடுவது கூடாது. மோட்பஸில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது; அதன் 502 போர்ட்டை எட்டினவன் எவனும் எதையும் எழுதலாம். நோட்-ரெட் நிறுவியதும் அதன் எடிட்டர் பூட்டில்லாமல் திறந்துதான் கிடக்கும். கிராஃபானாவின் முதல் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே 'அட்மின்'. முதல் நாளே மாற்றுங்கள். 2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைனில் மின் விநியோக நிறுவனங்களின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் திரையில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருட்டில் போயின.

மீட்டர், பி.எல்.சி. எல்லாம் ஒரு தனி நெட்வொர்க். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் வேறு. வெளியிலிருந்து வர வி.பி.என். (இன்டர்நெட் வழியே பூட்டிய தனிப் பாதை) ஒன்றே வழி, வயர்கார்டு என்ற வி.பி.என். அமைக்க அரை நாள் ஆகும். வெளியிலிருந்து வருபவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும். ஃபேன் வேகத்தை மாற்றும் பக்கம் மில் காம்பவுண்டுக்குள் மட்டுமே திறக்கும். முதலாளிக்குக்கூட இல்லை; சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும்

முதலில் ஞாயிற்றுக்கிழமை கிராஃபைத் திறந்து பாருங்கள். உற்பத்தி இல்லாத நாளில் எவ்வளவு எடுக்கிறது என்ற அந்த அடிமட்டக் கோடு நிறையச் சொல்லும். எங்களுடையதில் மில் நின்ற பிறகும் கம்ப்ரஸர் ஃபீடரில் மட்டும் மேடும் பள்ளமுமாக ஒரு வரிசை. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை லோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றைப் பிடிக்க ஒரு மெஷினும் ஓடாதபோது காற்று எங்கே போகிறது? அடுத்த ஞாயிறு சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு நானும் ஃபோர்மேனும் சுற்றினோம். மெஷின் சத்தம் இல்லாததால் காதிலேயே கேட்டது. ஆட்டோகோனர் பக்கம் பதினொரு இடம், ஒரு பழைய லைன் எண்ட் கேப்பே இல்லாமல் துணி சுற்றிக் கட்டியிருந்தது. அந்தத் துணி என்றைக்குக் கட்டியது என்று யாருக்கும் நினைவில்லை.